தினமும் தேர்வு எழுதினால் மதிப்பெண் ஏறாது

ராணுவ உடற்தகுதித் தேர்வுக்குத் தேதி குறித்ததும் பலர் செய்கிற முதல் காரியம், மறுநாள் விடியற்காலையில் அந்தத் தேர்வை அப்படியே செய்து பார்ப்பது. இரண்டு நிமிடத்தில் எத்தனை தண்டால், இரண்டு நிமிடத்தில் எத்தனை சிட்-அப், அப்புறம் மூச்சு முட்ட 3.2 கிலோமீட்டர் ஓட்டம். எண்களை நோட்டில் குறித்துக்கொள்வார்கள். இதுவரை சரிதான். ஆனால் மறுநாளும் அதையே செய்கிறார்கள், அதற்கடுத்த நாளும் அதையே. முதல் இரண்டு மூன்று வாரம் எண்கள் ஏறும், உற்சாகமும் ஏறும். நான்காவது வாரத்தில் நின்றுவிடும். ஆறாவது வாரத்தில் 45 தண்டால் 41 ஆகியிருக்கும். முழங்காலுக்குக் கீழே எலும்பு ஓரமாக ஒரு வலி தொடங்கியிருக்கும். இன்னும் கடுமையாக உழைக்க வேண்டும்போல என்று அவரே முடிவுசெய்து, மாலையிலும் ஒரு தடவை ஓடக் கிளம்புவார்.

பாடம் படிக்காமல் நாள்தோறும் மாதிரித் தேர்வு மட்டும் எழுதும் மாணவரின் கதைதான் இது. நாம் எங்கே நிற்கிறோம் என்பதை மாதிரித் தேர்வு சொல்லும். பாடத்தை அது கற்றுத்தராது.

இந்தத் தேர்வுகள் உடலின் எதை அளக்கின்றன என்பதைப் பார்த்தால், எதைப் பழக வேண்டும் என்பதும் பிடிபடும். அமெரிக்க விமானப்படையில் மருத்துவராக இருந்த கென்னத் கூப்பர் 1968இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். விமானப்படையினர் 115 பேரை 12 நிமிடம் ஓடவிட்டு, யார் எவ்வளவு தூரம் ஓடினார் என்று அளந்தார். அவர்களே ஆய்வகத்தில் ட்ரெட்மில்லில் ஓடும்போது உடல் அதிகபட்சமாக எவ்வளவு ஆக்ஸிஜனைப் பயன்படுத்துகிறது என்பதையும் அளந்தார். இரண்டும் மிக நெருக்கமாக ஒத்துப்போயின. விலையுயர்ந்த கருவி செய்கிற வேலையை ஒரு மைதானமும் ஒரு ஸ்டாப்வாட்சும் ஏறக்குறையச் செய்துவிடும் என்பது படைகளுக்குப் பெரிய வசதி. ஆயிரம் பேரை ஆய்வகத்துக்கு அழைத்துப்போக முடியாது. மைதானத்தில் வரிசையாக நிறுத்தலாம்.

அமெரிக்கத் தரைப்படை 1980இல் கொண்டுவந்த தேர்வும் இந்தச் சிக்கன புத்தியில் பிறந்ததுதான். இரண்டு நிமிடத் தண்டால், இரண்டு நிமிட சிட்-அப், இரண்டு மைல் (அதாவது 3.2 கிலோமீட்டர்) ஓட்டம். கருவி எதுவும் வேண்டாம். ஒரே காலையில் ஒரு கம்பெனி, அதாவது ஒரு படைப்பிரிவு முழுவதையும் முடித்துவிடலாம். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அது நீடித்தது. காயம்பட்டவரை இழுத்துச் செல்வது, கனமான பெட்டியைத் தூக்குவது போன்ற போர்க்கள வேலைகளை அது தொடவே இல்லை என்ற குறை நெடுநாள் இருந்தது. அதனால் 2022 அக்டோபரில் டெட்லிஃப்ட் (தரையிலிருந்து எடையைத் தூக்குவது), எடை இழுத்து ஓடுதல், பிளாங்க் (முழங்கையிலும் கால்விரலிலும் உடலை நேராகத் தாங்கி நிற்பது) எல்லாம் சேர்ந்த ஆறு அங்கத் தேர்வு அதன் இடத்துக்கு வந்தது. 2025 ஜூனில் அதையும் மாற்றி ஐந்து அங்கமாக்கினார்கள். இத்தனை மாற்றத்திலும் இரண்டு மைல் ஓட்டம் மட்டும் போகவில்லை. பெரும்பாலான படைகளின் தேர்வில் ஓட்டம் ஏதோ ஒரு வடிவில் இருக்கும். சில படைகளில் 20 மீட்டர் கோடுகளுக்கு நடுவே பீப் ஒலிக்கு ஏற்ப ஓடித் திரும்புவதாக இருக்கும். ஆகவே நாளில் கொஞ்ச நேரமே பயிற்சிக்கு ஒதுக்க முடிகிறவர் தொடங்க வேண்டிய இடம் பெரும்பாலும் ஓட்டம்தான்.

இது என் அபிப்பிராயம் மட்டும் என்று யாரும் நினைக்க வேண்டாம். புள்ளி அட்டவணையைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அந்தப் பழைய மூன்று அங்கத் தேர்வின் கடைசிக்கால அட்டவணையில், 17 முதல் 21 வயது ஆண்களுக்கு 42 தண்டால் எடுத்தால் 60 புள்ளி, 71 எடுத்தால் 100. ஓட்டத்தில் 15 நிமிடம் 54 விநாடிக்கு 60 புள்ளி, 13 நிமிடத்துக்கு 100. அதாவது தண்டாலில் 29 எண்ணிக்கைக்கு 40 புள்ளி. ஓட்டத்தில் 174 விநாடிக்கு அதே 40 புள்ளி. பத்து தண்டால் கூடினால் ஏறத்தாழ 14 புள்ளி கிடைக்கிறது. 3.2 கிலோமீட்டரில் ஒரு நிமிடம் குறைந்தாலும் ஏறத்தாழ அதே 14 புள்ளிதான். இப்போது கேள்வி எளிதாகிவிடுகிறது: எனக்கு எது முதலில் வரும், பத்து தண்டாலா, ஒரு நிமிடமா? இதுவரை ஒழுங்காக ஓட்டம் பழகாதவருக்கு ஒரு நிமிடம் சீக்கிரம் வரும். ஏற்கெனவே 13:20இல் ஓடுகிறவருக்கு இன்னொரு நிமிடம் என்பது ஓராண்டு உழைப்பாகவும் இருக்கலாம். அவர் தண்டால் பக்கம் போவதுதான் புத்திசாலித்தனம். நீங்கள் எழுதப்போகும் தேர்வின் அட்டவணை வேறாக இருக்கும். ஆனாலும் பயிற்சி தொடங்குமுன் பேனாவும் காகிதமும் எடுத்து இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள். ஒவ்வொரு அங்கத்திலும் குறைந்தபட்சம் தேற வேண்டும் என்ற விதி இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால், தேறாத அங்கம்தான் முதல் வேலை. மற்றக் கணக்கெல்லாம் அதற்குப் பிறகு.

ஓட்டத்துக்கு வருவோம். இதில் எல்லாரும் செய்யும் பிழை ஒன்றே: எல்லா நாளும் ஒரே தூரம், எல்லா நாளும் ஏறக்குறைய தேர்வு வேகம். அந்த வேகம் உடம்புக்கு ரெண்டுங்கெட்டான். நீண்ட நேரம் தாங்க முடியாத அளவுக்கு வேகம். வேகத்தை வளர்க்கப் போதாத அளவுக்கு மந்தம். மறுநாள் கால் கனக்கும் அளவுக்குக் களைப்பு மட்டும் மிஞ்சும்.

உடல் இரண்டு வேறு பாடங்களைப் படிக்க வேண்டியிருக்கிறது. ஒன்று, நிதான ஓட்டம் தருவது. 30 முதல் 50 நிமிடம், பக்கத்தில் ஓடுகிறவரோடு முழு வாக்கியம் பேசிக்கொண்டே போகக்கூடிய வேகம். இந்த ஓட்டத்தில்தான் தசைகளுக்குள் நுண்ரத்தக்குழாய்கள் பெருகுகின்றன, ஆக்ஸிஜனை எரிக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் கூடுகின்றன, இதயம் ஒரு துடிப்புக்கு அனுப்பும் ரத்தம் அதிகமாகிறது. 17 நிமிடத்தில் 3.2 கிலோமீட்டர் ஓடுகிறவரின் தேர்வு வேகம் கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 19 விநாடி. அவருடைய நிதான ஓட்டம் ஏழு நிமிடத்தை ஒட்டி இருக்க வேண்டும். இளைஞர்களுக்கு இது வெட்கமாக இருக்கும். நடைப்பயிற்சிக்கு வந்தவர்களே தாண்டிப் போவதுபோல் தோன்றும். வெட்கத்தைப் பொறுத்துக்கொள்வதும் பயிற்சியில் சேர்த்தி.

இரண்டாவது பாடம், வேகத் துண்டுகள். அதே 17 நிமிடக்காரர் 16 நிமிடத்துக்கு ஆசைப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 400 மீட்டர் தடத்தில் எட்டு சுற்று. சுற்றுக்குச் சரியாக 2 நிமிடம். வாரத்தில் ஒரே ஒரு நாள், ஒவ்வொரு சுற்றையும் தனித்தனியாக 2 நிமிடத்தில் ஓடி, நடுவே ஒன்றரை நிமிடம் நடக்கட்டும். எட்டு முறை. மூன்று நான்கு வாரம் கழித்து 800 மீட்டராக நான்கு முறை, ஒவ்வொன்றும் 4 நிமிடம். தேர்வு நெருங்கும்போது 1600 மீட்டராக இரண்டு முறை, 8 நிமிடம். மொத்தத் தூரம் எப்போதும் 3.2 கிலோமீட்டர்தான், வேகமும் மாறவில்லை. துண்டுகள்தான் நீள்கின்றன, நடுவில் கிடைக்கும் ஓய்வு சுருங்குகிறது. தேர்வு நாளில் அந்த ஓய்வே இருக்காது, அவ்வளவுதான். வாரத்தில் மற்ற இரண்டு மூன்று நாள் நிதான ஓட்டம். அதற்கு மேல் புதிதாக ஓடத் தொடங்கியவருக்குத் தேவையில்லை.

தண்டாலின் சங்கதி வேறு. தண்டால் எடுக்கும்போது நம் உடல் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைக் கைகள் தாங்குகின்றன. 70 கிலோ எடையுள்ளவர் ஒவ்வொரு முறையும் 45 கிலோவுக்கு மேல் தள்ளுகிறார். அவர் ஒரே ஒரு முறை தள்ளக்கூடிய உச்ச எடை 60 கிலோதான் என்றால், ஒவ்வொரு தண்டாலும் அவருடைய உச்சத்தில் முக்கால் பங்கு. பதினைந்தில் கை நடுங்குவதில் வியப்பில்லை. அவருக்குத் தேவை வலிமை. முதுகில் எடை வைத்த தண்டால், காலை உயர்த்தி வைத்த தண்டால், ஜிம் இருந்தால் படுத்தபடி எடையை மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ் என்று குறைந்த எண்ணிக்கையில் கடினமாகச் செய்ய வேண்டும். எடையைப் படிப்படியாகக் கூட்டுவது என்ற முறையை 1945இல் மருத்துவ உலகுக்கு எழுதிக் காட்டியவர் தாமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர். போரில் அடிபட்டு வந்த சிப்பாய்களின் தொடைத்தசையைத் தேற்றியபோது கண்ட முறை அது. 20 தண்டாலைத் தாண்டாதவர்களுக்கு இன்றும் அதுவே நேர்வழி.

நாற்பதைத் தொட்டுவிட்டு அங்கேயே நிற்பவருக்கு இது பொருந்தாது. அவருக்கு வலிமை இருக்கிறது, தாக்குப்பிடிப்புதான் இல்லை. அவர் செய்ய வேண்டியது விநோதமாகத் தோன்றும்: ஒருபோதும் முடியாமல் போகும்வரை செய்யக் கூடாது. உச்சம் 40 என்றால், 18 அல்லது 20 மட்டும். நிறுத்திவிட்டு வேறு வேலையைப் பார்க்க வேண்டும். ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு 20. நாளுக்கு நான்கைந்து முறை, வாரத்துக்கு ஐந்து நாள். ஒரே மூச்சில் 40 எடுத்துக் கவிழ்ந்து விழுகிறவருக்கு அன்றைய கணக்கு 40. களைப்பே தெரியாமல் இவர் 100 முடித்திருப்பார், அதுவும் எல்லாமே சுத்தமான தண்டால். தசையை எந்த வரிசையில், எவ்வளவு இழைகளைச் சேர்த்து இயக்குவது என்பதை நரம்புகள் திரும்பத் திரும்பச் செய்துதான் கற்கின்றன. கோணலான கடைசிப் பத்தைத் தினமும் செய்தால் கோணலைத்தான் கற்கும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை உச்சத்தைச் சோதித்து, அதில் பாதியைப் புதிய அளவாக வைத்துக்கொள்ளலாம். புல்-அப் பழகுகிறவர்களுக்கும் இதே முறை நன்றாகக் கைகொடுக்கும். ஒன்றுகூட எடுக்க முடியாதவர், ஸ்டூலில் ஏறிக் கம்பிக்கு மேல் தாடையை வைத்துக்கொண்டு, ஐந்து விநாடி எடுத்து மெல்லக் கீழே இறங்கிப் பழகலாம்.

கணக்கில் வராத தண்டால் என்று ஒரு ரகம் உண்டு. வீட்டில் 60 எடுத்தேன், தேர்வில் 44தான் என்று சொல்பவர்கள் எடுத்தது அந்த ரகம். அந்தப் பழைய அமெரிக்கத் தேர்வில் எண்ணுபவர் சத்தமாக எண்ணிக்கொண்டே வருவார். ஒரு தண்டால் முழுதாக இறங்கவில்லை என்றால் முந்தைய எண்ணையே திரும்பச் சொல்வார். முப்பத்தொன்று, முப்பத்தொன்று, முப்பத்தொன்று என்று காதில் விழும்போது கை சோர்வதைவிட மனம் சீக்கிரம் சோரும். பயிற்சியிலேயே இரக்கமில்லாத ஒரு நண்பரை எண்ணவிடுவது நல்லது.

இரண்டு நிமிடத்தைப் பிரித்துக்கொள்வதிலும் புள்ளி இருக்கிறது. தசைக்குள் உடனடியாகக் கிடைக்கும் எரிபொருள் பத்து விநாடி அளவுக்குத்தான் வரும். ஆனால் அது ஓய்வில் விரைவாக மீள்கிறது, அரை நிமிடத்தில் ஏறக்குறையப் பாதி திரும்பிவிடும். முழுதாகக் காலியான பிறகு ஓய்வெடுப்பதும், காலியாவதற்குக் கொஞ்சம் முன்னால் ஓய்வெடுப்பதும் ஒன்றாகாது. கை நேராக இருக்கும் மேல்நிலையில் நின்று மூச்சு வாங்க விதி அனுமதித்தால், 30 எடுத்து ஐந்து விநாடி, 10 எடுத்து ஐந்து விநாடி, அப்புறம் ஐந்தைந்தாக என்று முன்கூட்டியே திட்டம் போட்டுப் பழகலாம்.

சிட்-அப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. வயிற்றை அளப்பதாகச் சொன்னாலும் பாதி வேலையைச் செய்வது தொடையைத் தூக்கும் இடுப்புத் தசைகள்; கீழ்முதுகுக்கும் அது நண்பன் இல்லை. அமெரிக்கக் கடற்படை 2021இலும், மரைன் படை 2023இலும் சிட்-அப் வகைப் பயிற்சிகளை விட்டுவிட்டு பிளாங்க்குக்கு மாறின. உங்கள் தேர்வில் சிட்-அப் இருந்தால், கால் பிடிக்கப்பட்ட நிலையில், அதே வேகத்தில், வாரம் மூன்று நாள் பழகினால் போதும். அது சீக்கிரம் வந்துவிடும். பிளாங்க் என்றால் மூச்சை அடக்காதிருக்கப் பழகுங்கள்.

எடை தூக்குவதும் ஓட்டமும் இரண்டுமே தேர்வில் இருந்தால் ஒரு சிக்கல் வரும். 1980இல் ராபர்ட் ஹிக்சன் என்ற ஆய்வாளர், வலிமைப் பயிற்சியையும் கடும் ஓட்டம், சைக்கிள் பயிற்சியையும் சேர்த்தே செய்தவர்களைக் கவனித்தார். முதல் சில வாரம் வலிமை ஒழுங்காகக் கூடியது. பிறகு நின்று, கடைசியில் சரியத் தொடங்கியது. வலிமை மட்டும் பழகியவர்களுக்கு அப்படி நேரவில்லை. இதனால் ஒன்றை விட்டுவிட வேண்டும் என்று அர்த்தமில்லை. ஹிக்சன் கொடுத்த பயிற்சி மிகக் கடுமையானது. வேகத் துண்டு ஓட்டத்தையும் கனமான டெட்லிஃப்டையும் ஒரே நேரத்தில் அடுக்காமல், காலை ஒன்று மாலை ஒன்று என்றோ வேறு வேறு நாள் என்றோ பிரித்தாலே பெரும்பகுதிச் சிக்கல் தீரும்.

எலும்புக்குத் தனியாக ஒரு நாட்காட்டி உண்டு. 1855இல் பிரைட்ஹாப்ட் என்ற பிரஷ்யப் படைமருத்துவர், நெடுந்தூரம் நடந்த சிப்பாய்களின் பாதம் வீங்கி வலிப்பதைப் பதிவுசெய்தார். காரணம் அவருக்குப் பிடிபடவில்லை. எக்ஸ்ரே வர இன்னும் நாற்பது ஆண்டு இருந்தது. வந்த பிறகு, 1897இல், அது பாத எலும்பின் மெல்லிய முறிவு என்று தெரிந்தது. புதிய சுமை விழும்போது எலும்பு முதலில் பழைய பகுதியை அரித்தெடுக்கிறது. அதன் பிறகுதான் புதிதாகக் கட்டுகிறது. அரிப்பு முடிந்து கட்டுமானம் முடியாத அந்த இடைக்காலத்தில் எலும்பு முன்னைவிட மெலிந்து நிற்கும். சிக்கல் என்னவென்றால், மூச்சும் தசையும் சில வாரங்களில் தேறிவிடும். நன்றாக ஓட முடிகிறதே என்று தூரத்தைக் கூட்டத் தோன்றும் நேரமும் எலும்பு மிக மெலிந்திருக்கும் நேரமும் பெரும்பாலும் ஒன்றாகவே அமைகின்றன. முன்னங்கால் எலும்பு நெடுக வலி பரவியிருந்தால் ஓட்டத்தைக் குறைத்து ஓய்வு கொடுத்துப் பார்க்கலாம். விரல்நுனி அளவு ஓரிடத்தில் தொட்டாலே சுரீரென்றால், நொண்டி நொண்டி ஓடிப் பார்க்கும் வீரமெல்லாம் வேண்டாம், மருத்துவரிடம் போங்கள்.

வெயிலும் அப்படித்தான். காற்றின் வெப்பம், ஈரப்பதம், நேரடி வெயில் மூன்றையும் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்லும் அளவை முறை ஒன்று பல படைகளில் பயன்படுகிறது. அதை உருவாக்கியதே மரைன் பயிற்சி முகாம்களில் வெப்பத்தால் விழுந்தவர்களுக்காகத்தான். யாக்லோவும் மினார்டும் 1957இல் அதை வெளியிட்டார்கள். வெப்பத்துக்கு உடல் பழக பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். குளிர்காலத்தில் பழகிவிட்டுக் கோடையில் தேர்வுக்குப் போகிறவர் அந்த இரண்டு வாரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நெடுநாள் சும்மா இருந்துவிட்டு முதல் நாளே நூற்றுக்கணக்கில் தண்டாலும் பஸ்கியும் எடுத்தவருக்கு, அடுத்தடுத்த நாளில் சிறுநீர் கறுத்த டிகாக்‌ஷன் நிறத்தில் போனால், அது தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்கும் அறிகுறி. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தயாரிப்புக்குப் பன்னிரண்டு வாரம் இருந்தால் நல்லது. மூன்று வாரம்தான் என்றால் மூச்சில் பெரிய மாற்றம் வராது. ஆனால் தண்டாலின் சுத்தம், இரண்டு நிமிடத் திட்டம், சுற்றுக்கு இத்தனை விநாடி என்ற கால் பழக்கம் எல்லாம் வரும். குறுகிய காலத்தில் புள்ளி தருவது இவைதான். கடைசிப் பத்து நாளில் பயிற்சியைப் பாதியாகக் குறைக்கப் பலருக்குப் பயம், சேர்த்ததெல்லாம் கரைந்துவிடுமோ என்று. ஹிக்சனும் அவரது குழுவினரும் பின்னர் செய்த ஆய்வு இந்தப் பயத்துக்குப் பதில் சொல்கிறது: வாரம் ஆறு நாள் பயிற்சியை இரண்டு நாளாகக் குறைத்தும், கடுமை குறையாதவரை, ஆக்ஸிஜன் திறன் பதினைந்து வாரம் அப்படியே நின்றது. ஆகவே அந்தப் பத்து நாளில் அளவைக் குறையுங்கள், வேகத்தைக் குறைக்காதீர்கள். நான்கு சுற்று 2 நிமிடத்தில் ஓடி, வீட்டுக்கு வந்து தூங்குங்கள்.

தேர்வுக் காலையில் ஓட்டம் பெரும்பாலும் கடைசியில்தான் வரும். தண்டாலால் தோள் கனத்திருக்கும், விசில் ஊதியதும் கூட்டம் சீறிப் பாயும். முதல் சுற்றை 1 நிமிடம் 40 விநாடியில் கடப்பவர்கள் அதில் பாதிப்பேர் இருப்பார்கள். அவர்களில் பலரை ஐந்தாம் சுற்றில் மறுபடி பார்ப்பீர்கள், இடுப்பில் கை வைத்தபடி. முதல் கோட்டைத் தாண்டும்போது வாட்ச்சைப் பாருங்கள். 2 நிமிடம் காட்டினால் நீங்கள் பின்தங்கியிருப்பதுபோல் தோன்றும். அதே வேகத்தில் போங்கள்.